எடை தெரியாத திரை

"எதை வாங்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க சாமி. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கு."

ஒரு கால் செருப்பை இன்னும் கழற்றாமலே வைத்தமாநிதி இதைச் சொன்னார்.

குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் மடம். சாமிக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. முக்தியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் சாமியும் காத்திருக்கிறார். வருகிறவர்கள் இப்படித்தான் வருகிறார்கள்.

"எதை வாங்கறது?"

"ஸ்கிரீன் சாமி. லேப்டாப் பக்கத்துல வச்சுக்கற ரெண்டாவது மானிட்டர். வேலை முடிஞ்சதும் எடுத்து வச்சிடலாம், அந்த மாதிரி சின்னது. நான் வீட்லேருந்தே இன்சூரன்ஸ் பேப்பர் சரிபார்க்கறவன். ரெண்டு பேப்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் தப்பு வராது. இந்த மாசத்துக்குள்ள வாங்கலேன்னா ஹைதராபாத் ஆபீசுக்கே வந்துடுங்கன்னுட்டாங்க."

"பிடிச்சதை வாங்குங்களேன்."

"எப்படி சாமி? பதினாலு இஞ்சா, பதினஞ்சரையா? ஒரு ஒயரா, ரெண்டா? கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணுமா, மங்கலா இருக்கணுமா? ஒருத்தன் வீடியோல நல்லதுங்கறான், இன்னொருத்தன் குப்பைங்கறான். ரெண்டு மாசமா இதே பொழப்பு."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். தியானம் ஒன்றும் இல்லை, எரிச்சல்தான்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! குமுதவல்லி ஒரே பிடியா நிக்கறா. எதை வேணா வாங்குங்க, இந்த வீட்டுக்குள்ள மட்டும் கொண்டு வராதீங்கங்கறா. காசுக்காக இல்ல சாமி. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. ஹைதராபாத்துக்கும் வர மாட்டாளாம். நான் என்னதான் பண்றது?"

"வீடு எவ்வளவு பெருசு?"

"ஒரு ரூம், ஒரு ஹால். ஹால்ல ஒரே ஒரு மேஜை."

சாமி கீழே இறங்கிப் போய், மருந்துக்கடையில் ஒரு காலி அட்டைப்பெட்டி வாங்கி வந்தார். பதினைந்தரை இஞ்சுக்கு ஒரு துண்டு வெட்டினார்.

"எடை?"

"எழுநூறு கிராம்." யோசிக்காமல் சொன்னார் வைத்தமாநிதி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

சாமி எழுநூறு கிராம் துவரம்பருப்பை அளந்து ஒரு பையில் கட்டி, அட்டையின் முதுகில் டேப் போட்டு ஒட்டினார்.

"ஒரு வாரம் இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வேலை பாருங்க. அப்புறம் வாங்க."

"இதுல ஒண்ணும் தெரியாதே சாமி?"

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் வைத்தமாநிதி சிரித்த முகமாக வந்தார்.

"முடிவு பண்ணிட்டேன் சாமி! பதினஞ்சரைதான். மேஜைல அம்சமா உக்காருது. குமுதவல்லிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா முடிஞ்சுது."

"எடை எப்படி இருந்தது?"

"எடையா? எடையே தெரியல சாமி. இன்னும் கால் கிலோ கூட இருந்தாலும் கவலையில்ல."

சாமி தலையில் அடித்துக்கொண்டார். சாமியார்கள் செய்கிற காரியம் இல்லைதான். செய்துவிட்டார்.

"வீட்டுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அட்டை எங்கன்னு கேளுங்க."

வைத்தமாநிதி ஒன்றும் புரியாமல் போட்டார்.

"குமுதா, அந்த அட்டை எங்க இருக்கு?"

"பீரோ மேல." பின்னால் குக்கர் கூவியது. "லேப்டாப்பு, ஒயரு, உங்க பேப்பரு எல்லாம் கட்டில்ல கிடக்கு. அட்டைல இருந்த பருப்பைப் பிரிச்சு சாம்பார் வச்சுட்டேன்."

"ஐயோ, அதை ஏன் பிரிச்ச?"

"மூணு வேளையும் ஏத்தி எறக்கி எனக்குத் தோள்பட்டை விட்டுப்போச்சுங்க."

வைத்தமாநிதி சாமியைப் பார்த்தார். சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை..." வைத்தமாநிதி போனை இன்னும் கிட்டே பிடித்தார். "அதை நீ ஏம்மா தூக்கற?"

குக்கர் அடங்கியது.

"பின்ன உங்களுக்குத் தட்டை எங்க வைக்கறது?"