பாட்டுக்குள் ஒரு பேர்

கோடம்பாக்கத்தில் சகாயமேரியிடம் ஒலிக்கலவை கற்றவர்கள் பலர். அவர்களில் இளவழகன் மட்டும் குருவைவிட வயதில் மூத்தவர். தொழில் பழகி முடித்த பிறகும் ஏதாவது ஒரு கேள்வியோடு வருவார். அன்று கோபத்தோடு வந்தார்.

டிஜே ருத்ரன் மேடையில் ஒலிக்கவிடும் பாட்டெல்லாம் அடைத்த அறைக்குள் இளவழகன் உட்கார்ந்து செய்து கொடுத்தவை. கூட்டம் ருத்ரன் பேரைச் சொல்லித்தான் ஆடுகிறது. போன வாரம் ஒரு நிகழ்ச்சிக்கு இவரே டிக்கெட் வாங்கிப் போயிருக்கிறார். பக்கத்தில் ஆடிய பையன், "அங்கிள், நீங்ககூட ருத்ரன் பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்று கேட்டானாம்.

"தனியாக் கெடந்து செஞ்சேன் மேடம். மூணு மாசம், பேச ஆள் இல்லாம. செஞ்சவன் பேர் பாட்டுல இருக்கக் கூடாதா?"

புதுப் பாட்டை மறுநாள் ருத்ரனிடம் கொடுத்தாக வேண்டும். அதன் நடுவில், யாராலும் வெட்டி எடுக்க முடியாதபடி, தன் பேரைக் குரலாகப் பதித்துவிட நினைத்திருந்தார். அந்தக் குரல் குருவுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசை.

சகாயமேரி மறுக்கவில்லை. பேர் உட்கார இடம் பார்க்கிறேன் என்று பாட்டைப் போட்டு, ஒவ்வொரு ஒலியாக நிறுத்திக்கொண்டே வந்தார். தாளம் போனது. கீபோர்டு போனது. கடைசியில் ஒரு பெண்ணின் ஹம்மிங் மட்டும் மிஞ்சியது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"யாரு இவங்க?"

"சாம்பிள் மேடம். யாரோ பாடி நெட்ல போட்டுவச்ச துண்டு. யார் வேணா எடுத்துக்கலாம்."

"இதை எடுத்துட்டா பாட்டு நிக்குமா?"

இளவழகன் பொய் சொல்லத் தெரியாதவர். "நிக்காது. இதைக் கேட்டுத்தான் பாட்டே வந்துச்சு" என்றார்.

சகாயமேரி எழுந்து போய் மைக் முன்னால் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவைத் தொடங்கச் சொன்னார். இளவழகன் தொடங்கினார்.

"ரெண்டு பேரோட பேரையும் சொல்லிடறேன். உங்க பேர் எனக்குத் தெரியும். மூணு மாசம் அந்த ரூம்ல உங்ககூட இருந்தாங்களே, அவங்க பேரைச் சொல்லுங்க."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இளவழகன் அந்தச் சாம்பிளை எடுத்த இணையப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.