சிவப்பு டோக்கன்

"எல்லாம் செஞ்சு குடுத்தும் ஆளுங்க ஏனுங்க மனசு வெச்சு வேலை செய்ய மாட்டேங்கறாங்க?"

இந்தக் கேள்வியோடுதான் சென்னியப்பன் அந்த அமாவாசைக்கு வேலம்மையிடம் வந்தார். சென்னியப்பனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. வேலம்மைக்குக் காங்கயம் போகும் சாலையில் ஒரு சிறிய மடம். வேப்ப மரமும் ஒரு பசுவும்தான் அதன் சொத்து. வேலம்மை வயதில் இளையவர் என்றாலும் சென்னியப்பன் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். தான் அவருடைய சீடர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். வேலம்மை அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

"என்ன செஞ்சு குடுத்தீங்க?" என்று கேட்டார் வேலம்மை.

"லைனுக்கு லைன் பெரிய ஃபேனுங்க. வேலை செய்யறப்பக் கேக்கறதுக்குப் பாட்டு. கேன்டீன்ல டீயும் வடையும் இனாம். தீபாவளிக்கு எல்லாருக்கும் சேலை. இதுக்கு மேல எந்த முதலாளி செய்வானுங்க?"

"அப்புறம் என்ன குறை?"

"தெச்ச பீஸ்ல பாதி செக்கிங்குல திரும்பி வருதுங்க. கழுத்துப் பட்டி கோணலு, தோளு ஒரு பக்கம் ஏறிக் கெடக்குது. மத்தியானத்துக்கு மேல ரொம்ப மோசம். முன்னாடி இப்படி இல்லீங்க."

"முன்னாடின்னா எப்ப வரைக்கும்?"

"போன வருசம் வரைக்குமுங்க."

"போன வருசம் புதுசா என்ன செஞ்சீங்க?"

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது.

"டோக்கன் கொண்டு வந்தனுங்க. என் சொந்த யோசனை. பொம்பளைங்க பாத்ரூம் போறேன்னு போயி அங்கயே நின்னு கதை பேசிட்டு இருந்தாங்க. லைனுக்கு ஒரு சிவப்பு டோக்கன் வெச்சுட்டேன். சூப்பர்வைசர்கிட்டக் கேட்டு வாங்கிட்டுப் போகோணும். அது திரும்பி வந்தாத்தான் அடுத்த ஆளு. கூட்டம் அன்னைக்கே கலஞ்சு போச்சுங்க."

சொல்லும்போது அவர் குரலில் அத்தனை பெருமை. பாவம், பின்னால் அதை நினைத்து நினைத்து அவரே குறுகிப் போனார்.

வேலம்மை எழுந்தார். உள்ளே போய்ப் பெரிய செம்பு நிறைய நீர்மோர் கொண்டு வந்தார். வெயிலில் வந்த சென்னியப்பன் மடமடவென்று குடித்தார். செம்பு மறுபடியும் நிறைந்து வந்தது. பிறகு இளநீர் வந்தது. குரு கையால் தருவதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அதற்குள் அமாவாசைக் கூட்டம் மரத்தடியில் சேர்ந்துவிட்டது. வேலம்மை சென்னியப்பனை முன் வரிசையில் உட்காரவைத்தார். பசுவின் கழுத்து மணியைக் கழற்றிக்கொண்டு வந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒரு கதை சொல்லப் போறனுங்க. நடுவுல எந்திரிக்கறவங்க இந்த மணியை எங்கிட்டக் கேட்டு வாங்கி, ஆட்டிட்டே போயிட்டு ஆட்டிட்டே வரோணும்."

கூட்டம் சிரித்தது. சென்னியப்பனும் சேர்ந்து சிரித்தார்.

கதையில் ஒரு ராஜா இருந்தான். ராஜாவிடம் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு ஏதோ வியாதி வந்தது. அதற்கு மேல் கதை எங்கே போனதென்று சென்னியப்பனுக்குத் தெரியாது. முதலில் காலை மாற்றிப் போட்டார். பிறகு இன்னொரு முறை மாற்றிப் போட்டார். பின்னால் அவருக்குப் பழக்கமான மில்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் மாட்டு மணியைக் கேட்டு வாங்கி, கிணிகிணியென்று ஆட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போவதை நினைத்துப் பார்த்தார். உயிரே போனாலும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டார். மரத்தடியில் காற்று நன்றாகத்தான் வீசியது, அவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

"முதலாளி," என்று கூப்பிட்டார் வேலம்மை. "குதிரை பொழச்சுதா, செத்துதா?"

"கேக்கலீங்கம்மா."

"முன்னாடியேதானுங்க உக்காந்திருந்தீங்க?"

"உக்காந்துதான் இருந்தனுங்க."

"நல்ல நெழலு. நல்ல காத்து. மோரும் குடுத்தேன்."

சென்னியப்பன் மணியைக் கேட்கவில்லை. எழுந்து ஓடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேலம்மையும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்திருக்க வேண்டாம்.

புரிந்துவிட்டது என்ற நினைப்போடுதான் சென்னியப்பன் வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, இனிமேல் லைனுக்கு ஒரு டோக்கன் இல்லை, மூன்று டோக்கன் என்று அறிவித்தார். கையோடு லட்டும் கொடுத்தார். சூப்பர்வைசர் கை தட்டினான். அவன் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். முதலாளிகளுக்கு ஞானம் வரும்போது பெரும்பாலும் இந்த அளவில்தான் வருகிறது.

அடுத்த அமாவாசைக்கு அவர் மடத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பிறகு ஒருநாள், யாரும் இல்லாத காலை வேளையில் வந்தார். முகத்தில் சவரம் செய்யாத வெள்ளைத் தாடி. வேலம்மை பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாராத்தாள்னு ஒருத்தருங்க," என்று நின்றபடியே ஆரம்பித்தார் சென்னியப்பன். "நான் ஒத்த ஷெட்டுல கம்பெனி ஆரம்பிச்சப்ப முதல் மெஷின்ல உக்காந்தவங்க. அவங்க தெச்ச பீஸுக்கு செக்கிங்கே வேண்டாமுங்க."

"உக்காந்து சொல்லுங்க."

அவர் உட்காரவில்லை.

"டோக்கன் வெச்சதுல இருந்து அவங்க ஒருநாளும் அதை வாங்கினதே இல்லையாமுங்க. சூப்பர்வைசருக்கு அவங்க பையன் வயசு. அவன்கிட்டப் போயி இதை எப்படிக் கேக்கறதுன்னு கூச்சம். அதுக்காகக் காலைல இருந்து தண்ணியே குடிக்கறதில்லை. வேலை முடிஞ்சு ஊட்டுக்குப் போயித்தான் குடிப்பாங்களாம்."

"மூணு டோக்கன் ஆக்குனதுக்கப்புறமும்?"

"அதுக்கப்புறமுமுங்க. நூறு வெச்சிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாங்க. உள்ளுக்குள்ள சீழ் புடிச்சு காய்ச்சலு வந்து வந்து போயிருக்குது. மாத்திரையைப் போட்டுட்டு வேலைக்கு வந்திருக்காங்க. போன மாசம் மெஷின் மேலயே சாஞ்சுட்டாங்க. ஒரு கிட்னி போச்சுங்க. இன்னொண்ணு தேறுமான்னு டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு."

வேலம்மை கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நீங்க ஓடுனதைப் பாத்து நானும் சிரிச்சனுங்க," என்றார். "சிரிச்சு, கதையோட உட்டுட்டேன். அப்பவே உங்க கூட வந்து, வேண்டாமுங்கன்னு நேராச் சொல்லியிருக்கோணும். என் கெட்டிக்காரத்தனத்துல அந்தம்மாவுக்கு ரெண்டு மாசம் போச்சு."

சென்னியப்பன் தலையை ஆட்டினார். வேலம்மையைச் சமாதானம் செய்யும் நிலையில் அவர் இல்லை.

"இப்ப டோக்கனே இல்லீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டேன். யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் போலாம்னு நானே நின்னு சொன்னனுங்க. ஆனா நான் உள்ள நடந்தா ஒருத்தரும் எந்திரிக்கறதில்லை. குனிஞ்சுக்கறாங்க. தண்ணி பாட்டிலெல்லாம் மூடி தொறக்காம அப்படியே நிக்குது. பீஸும் திரும்பித்தான் வருது. ஆர்டர் குடுத்தவங்களும் வேற கம்பெனி பாத்துட்டாங்க. அது போகட்டுமுங்க."

இத்தனை வருடங்களில் கம்பெனி விஷயத்தை அவர் 'போகட்டும்' என்று சொல்லி வேலம்மை கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனனுங்க. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து மன்னிப்புக் கேட்டேன். தப்பெல்லாம் எம்மேலதான்னு ரொம்ப நேரம் பேசினேன். அவங்க கண்ணை மூடிட்டு வெறச்சாப்பல படுத்திருந்தாங்க. நெத்தியெல்லாம் வேர்வை. வலியாக்கும்னு நெனச்சுட்டேன். கடைசீல அவங்க மக என்னை வெளிய கூப்புட்டு..."

சென்னியப்பன் வேலம்மையைப் பார்க்காமல் பசுவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'நீங்க போனாத்தானுங்க எங்கம்மா பாத்ரூமுக்கு எந்திரிக்கும்'னு சொல்லுச்சுங்க."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய மனிதர்கள் அழுதால் பார்க்கச் சங்கடமாக இருக்கும். வேலம்மை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இந்த முறை கதை சொல்லியோ சிரித்தோ தப்பித்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

வெகுநேரம் கழித்துச் சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"இப்பவும் தினமும் போறனுங்கம்மா. உள்ள போறதில்லை, வாசல்லயே நின்னுக்கறேன். மன்னிச்சுட்டேன்னு அவங்க வாயால ஒரே ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும், எனக்குத் தூக்கம் வந்துரும். அவங்க மககிட்டயும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். இன்னும் ஒண்ணும் சொல்லலை. எப்பங்கம்மா சொல்லுவாங்க? நாளைக்கு ஒருக்கா நானே கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"கேக்காதீங்க," என்றார் வேலம்மை. "அதையாவது அவங்களுக்குத் தோணறப்பச் செய்யட்டும்."