தலைவர் இழுத்துப் பார்த்த வைஸ்

கடைசியில் சிரிக்கலாம், இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் வைஸ் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள்ளில் இறகு கட்டிப் பொய்ப்பூச்சி செய்யும்போது, முள்ளை அசையாமல் கவ்விப் பிடிக்கிற இடுக்கி அது.

அவலாஞ்சிப் பக்கம் ஒரு மீன்பிடி கிளப். அதற்கு நடுத்தர விலையில் ஒரு வைஸ் வாங்கி வந்தாள் உதவியாளர் ஹேமலதா. தலைவர் பெள்ளிராஜ் கனைத்தார்.

"ஹ்ர்ரும்! இந்தத் தகரத்தையா வாங்கினே? கண்ணை மூடி முள்ளை இழுத்தாலே விலை சொல்றவன் நான்! சீமைச் சரக்குக்கு இது ஈடுன்னு நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"அப்ப கண்ணைக் கட்டிக்குங்க சார். மலிவு எது, நான் வாங்கினது எது, சீமை எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

உறுப்பினர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மேசையில் வைஸை மாட்டும் சத்தம் கேட்டது. தலைவர் முள்ளை இழுத்தார். "சே, மலிவு!" கழற்றி மாட்டும் சத்தம். "இது நீ வாங்கினது. சுமார்." மறுபடி அதே சத்தம். "ஆகா! சீமை! இம்மி அசையலையே!"

"இதையே வச்சுக்கலாமா சார்? நானும் இருக்கலாமா?"

"தாராளமா இரு!"

ஹேமலதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தலைவர் கட்டை அவிழ்த்தார். மேசையில் ஒரே ஒரு வைஸ். குனிந்து மேசைக்கு அடியிலும் தேடினார்.

"மத்த ரெண்டும் எங்கேம்மா?"

"நான் வாங்கினது ஒண்ணுதானே சார்."

தலைவரின் காது மெல்லச் சிவந்தது.