சவாசனத்துக்குப் பேர் வைத்தவர்

"அம்மணி, அந்தக் கடைசிப் பேரை மட்டும் மாத்திப்போடுங்க" என்றார் நாச்சிமுத்து.

வேதநாயகி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். காலை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். மலையடிவாரத்தில் ஒரு ஓட்டுக் கொட்டகை, அதுதான் அவளுடைய யோகப் பள்ளி. அதற்குப் பின்னால் ஒற்றை அறை. அதில் அவள் தனியாக இருந்தாள்.

"எந்தப் பேருங்க?"

"சவாசனம்."

வேதநாயகி ஜன்னல் கொக்கியை மாட்டினாள். அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.

நாச்சிமுத்து நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார். வேதநாயகிக்கு அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். ஆனாலும் இந்தக் கொட்டகைக்குள் அவள்தான் குரு, அவர்தான் சிஷ்யர்.

மற்றவர்கள் காலை எப்படி மடக்குவது, மூட்டு வலிக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். நாச்சிமுத்து பேருக்கு அர்த்தம் கேட்பார். தினம் ஒன்று கேட்பார். அவளும் சொல்லுவாள். விருக்ஷம் என்றால் மரம். மத்ஸ்யம் மீன். சலபம் வெட்டுக்கிளி. மகரம் முதலை.

கோமுகம் என்றால் மாட்டு முகம் என்று அவள் சொன்ன அன்றைக்குப் பாத்திரக்கடை சுலோச்சனா, எங்கூட்டுக்காரரு ஆசனம் போடாமயே அப்படித்தான் இருக்காரு என்று சொல்லி, கொட்டகையே சிரித்தது. நாச்சிமுத்துவும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

வீட்டுக்குப் போனால் சிரிக்க ஆள் கிடையாது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். மகள் தூர தேசத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மற்ற நாள் சாயங்காலங்களில் கூடத்தில் பாயை விரிப்பார். ஒற்றைக் காலில் நிற்பார். "மரம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். குப்புறப் படுத்து, "இப்ப முதலை" என்பார். அப்படி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லச் சொல்ல, வீட்டுக்குள் யாரோ வந்து போகிற மாதிரி இருக்கும்.

கடைசியில் மல்லாந்து படுக்க வேண்டும். அந்த இடத்தில் எழுந்து பாயைச் சுருட்டிவிடுவார்.

"மத்ததுக்கெல்லாம் நீங்க சொல்லித்தான் அர்த்தம் தெரிஞ்சுது" என்றார் இப்போது. "இது ஒண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லீங்களே. சாந்தியாசனம்னு ஒரு பேரு இருக்குதாமா. அதையே சொல்லிப்போட்டா என்னங்க?"

"சரிங்க" என்றாள் வேதநாயகி.

இவ்வளவு சுளுவாக ஒத்துக்கொள்வாள் என்று அவர் நினைக்கவில்லை.

*

மறுநாள் வகுப்பு முடிகிற நேரத்தில், "சாந்தியாசனம்" என்றாள்.

இது எப்போ வந்தது என்று சுலோச்சனா பக்கத்துப் பாயைக் கேட்டாள். அவளும் படுத்துக்கொண்டாள். எல்லாரும் மல்லாந்தார்கள். நாச்சிமுத்துவும் மல்லாந்து கண்ணை மூடினார்.

நாலைந்து மூச்சுகூட ஆகியிருக்காது. எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சுற்றிலும் ஆட்கள் கிடந்தார்கள். எதிரே வேதநாயகி நிமிர்ந்து உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு, "பேரை மாத்தியாச்சு, அப்புறம் என்னங்க?" என்று கேட்டாள்.

அவர் தன் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் தெருவில் கடைசி வீட்டில் ஒரு வாத்தியார் தனியாக இருந்தார். இறந்துபோனார். யாருக்கும் தெரியவில்லை. கதவில் தொங்கிய வயர் கூடையில் பால்காரர் தினமும் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கூடை நிறைந்து, பால் புளித்து நாறின பிறகுதான் தெருவுக்குச் சந்தேகம் வந்தது. கதவை உடைத்தவர்களில் இவரும் ஒருவர். அதற்கப்புறம் இவர் ராத்திரியில் தாழ்ப்பாள் போடுவதில்லை.

"மல்லாந்து படுத்தா என் கதவுல அந்தக் கூடை தொங்குதுங்க" என்றார். "இங்கெ வர்றதை நிறுத்திப்போடலாமுன்னு பார்க்கறேன். ஆனா இதையும் விட்டுட்டா எனக்குப் போறதுக்கு வேற எடமில்லை."

வேதநாயகி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் தவறிப்போனால், எடுக்கிற வரைக்கும் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

குளிப்பாட்டிக் கிடத்துவார்கள் என்றார். தலைமாட்டில் விளக்கு வைப்பார்கள். பக்கத்தில் ஒருவர் இருப்பார். அவருக்குக் காப்பி குடிக்கப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். அப்படி நாச்சிமுத்து தன் மனைவிக்குப் பக்கத்தில் விடிய விடிய இருந்திருக்கிறார்.

"தனியா விடமாட்டீங்க."

"விடக்கூடாதுங்க."

"இந்த ஆசனத்துக்குச் சவம்னு பேரு வச்சது யாருங்க?"

"யாரோ ஒரு ரிஷியா இருக்கும்."

"இருக்கட்டும். அவரு எங்கெ இருந்து பேரு வச்சாரு?"

நாச்சிமுத்து விழித்தார்.

"நாளைக்கு வந்து சொல்லுங்க" என்றாள் வேதநாயகி.

*

மறுநாள் வகுப்பு முழுக்க அவருக்கு அதே யோசனை. மரமாக நின்றபோது தடுமாறிச் சுலோச்சனாவின் மேலேயே சாய்ந்துவிட்டார். மரம் முறியுதுங்கோ, ஒதுங்குங்க என்றாள் அவள். கடைசி ஆசனம் வந்ததும் அவர் படுக்கவில்லை. வேதநாயகியும் படுக்கச் சொல்லவில்லை.

எல்லாரும் போனார்கள்.

"காட்டுல இருந்துங்க" என்றார்.

"இல்லீங்க."

"மலை மேல இருந்து."

"இல்லீங்க."

"சுடுகாட்டுல இருந்துங்களா?"

"அங்கெ போறதுக்கு முன்னாடியே வச்சிட்டாரு" என்றாள்.

தெரியவில்லை என்று அவர் கையை விரித்தார்.

வேதநாயகி அலமாரியிலிருந்து ஒரு பாயை எடுத்து வந்து கொட்டகையின் நடுவில் விரித்தாள். மற்றவர்களின் பாய்கள் எல்லாம் ஓரம் பிய்ந்து கிடந்தன. இது மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதில் மல்லாந்து படுத்தாள். கைகளை அகலமாக வைத்து, உள்ளங்கைகளை மேலே திருப்பினாள்.

அவள் இப்படிப் படுத்து நாச்சிமுத்து பார்த்ததே இல்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரும் படுத்திருக்கும்போது அவள் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

"அம்மணி?"

"எல்லாரும் படுத்துட்டா ஒருத்தர் முழிச்சிருக்கணுமில்லீங்களா" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "எல்லாரும் போன பிறகு தனியாப் படுத்துப் பார்த்திருக்கறேன். எனக்கும் இந்த ஆசனம் வரலீங்க."

மூச்சை நீளமாக இழுத்து விட்டாள்.

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். வெளியே தன் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடந்தது தெரிந்தது. போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. பாய்க்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தார். கூரையைப் பார்த்தார். பாயின் ஓரத்தில் ஒரு எறும்பு ஏறியது. விரலை வைத்து அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார். அது சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடி திருப்பிவிட்டார்.

அவள் வயிறு ஏறி இறங்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளி வரும்போதெல்லாம் அவருக்கும் மூச்சு நின்றது. வயிறு மறுபடி ஏறியதும்தான் தன் மூச்சை விட்டார்.

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. நெற்றியில் எப்போதும் இருக்கும் கோடு மறைந்தது. கண்டிப்பான ஆள் என்பதால் அந்தக் கோடு என்று இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தார். உதடு லேசாகப் பிரிந்தது. சன்னமாக ஒரு குறட்டை வந்தது. குருவுக்கும் குறட்டை வரும் என்று அவருக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்பதும் தெரியாது.

"பேரு வச்சது இங்கெ, பக்கத்துல இருந்துதானுங்க" என்றார் மெல்ல.

குறட்டை நிற்கவில்லை.

ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒரு துண்டு இறங்கி, பாயில் நகர்ந்து, அவள் கண்ணிமையைத் தொட வந்தது. நாச்சிமுத்து சத்தமில்லாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவருடைய நிழல் அவள் முகத்தில் விழுந்தது.