கடைசிக் கடை அப்பம்

முன்னொரு காலத்தில், அப்பத்தைக் கண்டால் ஆட்சியையே மறந்துவிடும் அரசன் ஒருவன் இருந்தான். அவன் தலைநகரில் கோயில் வாசலில் தொடங்கி ஆற்றங்கரை வரை நீண்ட ஒரு தெரு முழுக்க அப்பக் கடைகள். ஒருநாள் எல்லாக் கடை அப்பத்தையும் வரவழைத்துத் தின்று பார்த்த அரசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தின்று முடித்த பிறகுதான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“எல்லாம் ஒரே மாவு, ஒரே வெல்லம், ஒரே சுவை! இப்படியிருந்தால் ஒருவன் மற்றவனை எப்படி முந்துவான்? நம் வணிகர்களுக்குப் புத்தியே கிடையாதா?” என்று சபையில் இரைந்தான்.

விகடகவி அம்பலவாணனுக்கு நாக்கு சும்மா இருக்காது. “சரக்கு ஒன்றாக இருந்தால் என்ன அரசே, மண்டை வேறாக இருந்தால் போதுமே” என்று சொல்லிவைத்தான்.

கருவூல அதிகாரி சோணாசலம் காத்திருந்தது இதற்குத்தான். அவருடைய மைத்துனன் வீரபாகுவுக்கு விகடகவியின் ஆசனத்தின் மேல் வெகுநாளாக ஒரு கண். வீரபாகு வேடிக்கை பேசினால் கேட்பவர்களுக்குக் கொட்டாவிதான் வரும். அது வேறு விஷயம். அப்போதைக்கு அவன் கோயில் வாசலை ஒட்டிய முதல் கடையில் அப்பம் விற்றுக்கொண்டிருந்தான்.

“அரசே! அம்பலவாணரே அங்கு ஒரு கடை போடட்டும். தேரோட்டத்தன்று அவர் கடையில்தான் மற்றெல்லாக் கடைகளையும்விட அதிகம் விற்க வேண்டும். தோற்றால், ஆசனத்தையும் அரண்மனை கொடுத்த வீட்டையும் என் மைத்துனனுக்கு விட்டுவிடட்டும். ஆனால் அரண்மனை ஆள் என்று அவருக்குச் சலுகை கூடாது. அவர் கடையில் எதைச் செய்தாலும் மற்றக் கடைக்காரர்கள் அனைவரும் உடனே அதையே செய்தாக வேண்டும் என ஆணையிடுங்கள். அப்போதுதான் போட்டி சமமாக இருக்கும்” என்றார்.

“நியாயம்!” என்று அரசன் முத்திரை குத்திவிட்டான்.

கடைக்கு இடம் ஒதுக்கும் வேலையும் சோணாசலத்திடமே போயிற்று. தெருவின் கடைசியில், ஆற்றங்கரையில் இடம் கொடுத்தார். அதைத் தாண்டினால் ஆறும் நாலு கழுதைகளும்தான். ஆணை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு கடைக்கும் ஒரு காவலனையும் நிறுத்தினார்.

அம்பலவாணன் மாவில் ஏலக்காய் சேர்த்தான். அடுப்பிலிருந்து அந்த அப்பம் இறங்குவதற்குள் தெருவே ஏலக்காயாய் மணத்தது. விலையைக் குறைத்தான், எல்லோரும் குறைத்தார்கள். ஒருநாள் அவன் தும்மியபோது, காவலர்கள் விரட்ட, தெரு முழுக்கத் தும்மியது. கோயிலிலிருந்து வருகிறவர்கள் முதல் நாலு கடையிலேயே வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அம்பலவாணனின் அப்பத்தைக் கழுதைகள்தான் எட்டிப் பார்த்தன.

தேருக்கு முதல் நாள் அவன் விற்காத அப்பங்களை எண்ணிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தையல்நாயகி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீங்க ஏலக்காய் போட்டா அவங்களும் போடுறாங்க. விலையைக் குறைச்சா அவங்களும் குறைக்கிறாங்க. நாளைக்கு நாம வீட்டைக் காலி பண்ணினா அவங்களும் பண்ணுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க!”

அம்பலவாணன் அவளையே பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

“நாயகி, எவ்வளவு மாவு இருக்கு?”

“இருக்கிறது எதுக்கு? கழுதைக்கா?”

“எல்லாத்தையும் கரைச்சு வை. போதாது, இன்னும் இடிச்சு வை.”

தேரோட்டத்தன்று சுற்று வட்டாரமே கோயில் வாசலில் திரண்டது. அம்பலவாணன் தன் கடை முன்னால் ஓர் உரலைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினான்:

“நல்ல அப்பம் கடைசிக் கடையிலே! எல்லாரும் கடைசிக் கடைக்குப் போங்க!”

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆணை ஆணைதான். தெரு முழுக்க உரல்கள் கவிழ்ந்தன. முதல் கடையில் வீரபாகு உரல்மேல் ஏறி வாயைத் திறக்காமல் நின்றான்.

“ம், சொல்லுய்யா” என்று காவலன் ஈட்டியைத் தட்டினான்.

“நல்ல அப்பம்… கடைசிக் கடையிலே” என்று வீரபாகு முனகினான்.

“அவர் கத்தினாரு. நீயும் கத்தணும்!”

வீரபாகு கத்தினான். அடுத்த கடையும் கத்தியது, அதற்கடுத்ததும் கத்தியது. வெளியூர்க்காரர்கள் அசந்துபோனார்கள். “அப்பம் விக்கிறவனே அங்க போங்கிறான்னா, அதுல ஏதோ இருக்குடா!” என்று பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். தையல்நாயகிக்கு நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட நேரமில்லை.

சோணாசலம் அரசனிடம் ஓடினார். “அரசே, மோசடி! அந்தக் கூச்சலை நிறுத்தச் சொல்லுங்கள்!”

“நீர் கேட்டு வாங்கிய ஆணையாயிற்றே” என்ற அரசன் தானே தெருவுக்கு வந்தான். முதல் கடையில் கை நீட்டினான். வீரபாகு கண்ணீர் மல்கக் கும்பிட்டு, “கடைசிக் கடைக்குப் போங்க, மகாராஜா!” என்று கத்தினான். ஒவ்வொரு கடையும் அரசனை அப்படியே அனுப்பிவைத்தது. கடைசிக் கடையில் ஓர் அப்பத்தைப் பிட்டு வாயில் போட்ட அரசன் புருவத்தைச் சுருக்கினான்.

“அம்பலவாணா, இதுவும் மற்றவை போலத்தானே இருக்கிறது?”

“ஆம் அரசே. சுவையில் எள்ளளவும் வித்தியாசமில்லை. ஆனால் போட்டிக் கடைக்காரர்களே புகழ்ந்த அப்பம் இது ஒன்றுதான்.”

அரசனுக்குச் சிரிப்பில் அப்பம் புரையேறிற்று. “ஆசனம் உனதே! இந்த முத்து மாலையும் உனக்கே. வேறென்ன வேண்டும்?”

“பாவம், மற்றக் கடைகளில் அப்பம் குவிந்து கிடக்கிறது. சோணாசலம் ஐயா அதைத் தம் காசில் வாங்கி, தேர் இழுத்தவர்களுக்குக் கொடுக்கட்டும்.”

“அப்படியே ஆகட்டும். அத்துடன் வீரபாகுவின் முதல் கடை இனி உன் மனைவிக்கு. வீரபாகு ஒன்றும் இழக்க வேண்டாம். நல்ல அப்பம் கிடைக்கும் கடையென்று ஊரறிய அவனே சொன்னானல்லவா? அந்தக் கடைசிக் கடையை அவனுக்கே கொடுத்தோம்!”

மறுநாள் விடிந்தது. வீரபாகு அடுப்பை மூட்டிக் கடைசிக் கடையில் காத்திருந்தான். முதலில் வந்து எட்டிப் பார்த்தது ஒரு கழுதை.