ஒத்திகையில் இறங்காதவர்கள்

ஆஸ்பத்திரி திறந்த அன்று தன் குரு பேசியதில் ஒரு வாக்கியம் கயிலைநாதனுக்கு அரைகுறையாக நினைவிருந்தது. கட்டடத்தைப் பற்றிப் பேசுவதானால் படுத்திருப்பவர் காதில் விழும்படி பேசுங்கள் என்றாரா, விழாதபடி என்றாரா? பந்தலில் ஒரே மேளச் சத்தம். சரியாகக் கேட்கவில்லை.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு அவன்தான் தலைமை மருத்துவர். தலை நரைத்துவிட்டது. கால்கள் ஓய்ந்துபோன குரு மூன்றாம் மாடியில் படுத்திருந்தார். மலைக்கு இந்தப் பக்கம் மூச்சு இயந்திரங்கள் இருந்தது அந்த மாடியில் மட்டும்தான். அங்கிருந்தவர்களைக் கீழே மாற்றலாமென்றால் இடமில்லை. பிரசவ வார்டிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் நிலம் லேசாக ஆடியது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் சரிந்தது. அதிலிருந்து அரசாங்கக் குழு ஒன்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டது: பூகம்பம் வந்தால் நோயாளிகளை வெளியே கொண்டுவரத் தயாரா? இல்லையென்றால் மாடிகளுக்குப் பூட்டு. நாளை இங்கே வருகிறார்கள்.

அதனால் காலையில் ஒத்திகை. மணி அடித்ததும் நர்ஸ் மாணவிகள் நோயாளிகளாகப் படுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் மளமளவென்று இறக்கினார்கள். நெற்றியில் சிவப்பு மை தடவிய ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர், நான் பொழைச்சேனா, செத்தேனா? செத்தவங்களுக்கு டீ கிடையாதுங்கறாங்க."

மைதானமே சிரித்தது. கயிலைநாதன் மாடிக்கு, குருவிடம் ஓடினான்.

"தயார், சுவாமி. கட்டடமே காலி."

"அப்படியா? நான் இங்கேதானே இருக்கிறேன்."

"நிஜ நோயாளிகளை அசைக்கக் கூடாது, சுவாமி. ஆபத்து."

"நிஜமாக ஆடினால்?"

கயிலைநாதன் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தான்.

"என்னை இறக்கு, கயிலை."

"இப்போதா? ஆட்களெல்லாம் கீழே டீ குடிக்கிறார்கள். லிஃப்டில் வேண்டுமானால்..."

"அந்த நேரத்தில் லிஃப்ட் ஓடுமா?"

அவன் குனிந்தான். குரு முதுகில் சாய்ந்தார். கனமில்லாத உடம்புதான். ஆனாலும் வராந்தாவுக்கு வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

அடுத்த அறையில் செங்கமலம் என்ற பெண்ணின் அம்மா. தொண்டையில் குழாய். இயந்திரம் ஊதிக்கொண்டிருந்தது, நிறுத்தினால் சில நிமிடம்தான். அவளை அசைக்க வேண்டுமானால் ஒருவர் கையால் காற்று அழுத்த வேண்டும், ஒருவர் சிலிண்டரைப் பிடிக்க வேண்டும், தூக்க நாலு பேர் வேண்டும். இரவில் மாடி முழுவதற்கும் இரண்டே நர்ஸ்கள். பக்கத்து அறைகளிலும் இப்படித்தான் படுத்திருந்தார்கள்.

வாசலில் நின்ற செங்கமலம் பார்த்தாள். பெரிய டாக்டரே குருவைச் சுமந்து போகிறார். அவளுக்கு வேறென்ன தோன்றும்?

"ஐயா, எல்லாரையும் இறக்குறீங்களா? அடுத்தது அம்மாவா?"

அவன் வாய் திறப்பதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். போர்வையை மடித்தாள். டம்ளர், சீப்பு, சாமி படம் எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள்.

"அம்மா, நம்மளையும் கூட்டிட்டுப் போறாங்க. பயப்படாத. டாக்டரே வந்திருக்காரு."

எதிர் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு முன்னாடி வந்தவங்க நாங்க. எங்கப்பாதான் முதல்ல."

"அண்ணே, இது என்ன ரேஷன் கடையா? எங்கம்மா பாரமே இல்ல, சட்டுனு தூக்கிடலாம்."

"எங்கப்பா மட்டும் என்ன, யானையா?"

வராந்தா நெடுக ஆட்கள் பையும் செருப்புமாக வெளியே வந்தார்கள். செங்கமலம் முதலாவதாக வந்து நின்றாள். அவன் முகத்தையே பார்த்தாள். அவளுக்குச் சிரித்த முகம்.

"சுவாமி," என்றான் கயிலைநாதன், தலையைத் திருப்பாமல். "இவளிடம் என்ன சொல்வது?"

"என்னிடம் ஓடி வந்து ஒரு சொல் சொன்னாயே," என்றார் குரு அவன் காதோரம். "அதைச் சொல்."

கயிலைநாதன் திரும்பிப் போய் குருவை அவர் கட்டிலிலேயே படுக்க வைத்தான். பிறகு செங்கமலத்தின் தோளிலிருந்து பையை வாங்கி, அவள் அம்மாவின் கட்டிலுக்கடியில் வைத்தான். அவள் மடித்த போர்வையை அம்மாமேல் திரும்ப விரித்தாள்.

மறுநாள் குழு வந்து, கீழே மைதானத்தில் நின்று கேட்டது.

"தயார்," என்றான்.