நின்றுகொண்டே ஆண்ட ராஜா

வெகு காலத்துக்கு முன்னால் கடம்பை நாடு என்றொரு நாட்டைச் செண்பகராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பெரிய வீம்புக்காரன். ஒருநாள் காலை சிம்மாசனத்தில் உட்காரப் போனவன், பாதி குனிந்ததும் சட்டென்று நிமிர்ந்துவிட்டான்.

"இன்று நின்றபடியே தர்பார் நடத்துவோம்!" என்றான்.

மறுநாளும் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். ராஜா நின்றால் சபையில் ஒருவரும் உட்காரக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். ஆகவே புலவர் நின்றார், புரோகிதர் நின்றார், வழக்குச் சொல்ல வந்தவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் கால் வீங்கிப் போயிற்று. ராஜாவுக்கோ மூக்குக்கு மேல் கோபம். சத்தமாகச் சங்கு ஊதினான் என்று ஒருவனைச் சிறையில் போட்டான். மெதுவாக ஊதினான் என்று அடுத்தவனையும் போட்டான்.

மந்திரி அம்பலவாணர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தார். ராஜா பல்லக்கில் ஏறுவதில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். மந்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தனியாகப் போய்க் கேட்டார்.

"பிரபு, வைத்தியரை வரச் சொல்லட்டுமா?"

"எதற்கு? எனக்கு ஒன்றுமில்லை! இன்னொரு தடவை கேட்டால் உமக்கு மந்திரி வேலை இருக்காது!"

அந்தச் சபையில் வச்சிரபாகு என்றொரு அதிகாரி இருந்தார். மந்திரி பதவியின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். மறுநாள் தர்பாரில் அவர் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"சபையோரே! நம் ராஜா ஏன் நிற்கிறார் தெரியுமா? பக்கத்து வேங்கை நாட்டை வெல்லும்வரை உட்காருவதில்லை என்று சபதம் செய்திருக்கிறார்! நிற்பதல்லவா வீரம்!"

ராஜாவுக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. "ஆமாம், சபதம்தான்" என்றான்.

"அப்படியானால் வெள்ளிக்கிழமை படை புறப்படட்டும். முதல் குதிரையில் தாங்கள்தானே, பிரபு?" என்று சேனாதிபதி கேட்டார்.

குதிரை என்றதும் ராஜாவின் முகம் எலுமிச்சம்பழமாக வெளுத்தது. ஆனாலும் வாய் மட்டும் 'மாட்டேன்' என்று சொல்லவில்லை.

'ஒருவர் வாயைத் திறக்க வெட்கப்படுவதால் இத்தனை வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்குப் போய்ச் சாகவேண்டுமா?' என்று மந்திரிக்கு மனம் கொதித்தது. மறுநாள் வைத்தியர் நல்லமுத்துவைக் கையோடு சபைக்கு அழைத்து வந்தார்.

"பிரபு, என்னால் போருக்கு வர முடியாது. எனக்கு மூலம்" என்றார் மந்திரி.

சபை கொல்லென்று சிரித்தது. "சீச்சீ! சபையில் பேசுகிற பேச்சா இது? இவருக்கு வெட்கமே கிடையாதா?" என்று வச்சிரபாகு காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் ஐயா, போன மாதம் காது வலிக்கிறது என்று நீர் ஊரையே கூட்டினீரே. காது மட்டும்தான் உடம்பா?" என்றார் மந்திரி.

ராஜா மெல்லத் தொண்டையைக் கனைத்தான். "வைத்தியரே, இது குணமாகுமா? மந்திரிக்காகத்தான் கேட்கிறோம்."

"ஆகும், பிரபு. ஆனால் ஒளிக்காமல் பதில் சொல்லவேண்டும். மந்திரியாரே, உட்கார்ந்தால் எரிச்சலா, குத்தலா?"

"குத்தல்."

"இல்லை, எரிச்சல்!" என்று ஒரு குரல் வந்தது. பேசியவன் ராஜா.

"ரத்தம் போகிறதா?"

"அதெல்லாம் இல்லை."

"போகிறது ஐயா! அமாவாசையிலிருந்து போகிறது!"

சபை முழுவதும் ராஜா பக்கம் திரும்பியது. ராஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மந்திரி கொஞ்சமும் அசரவில்லை.

"நல்ல வேளை, பிரபு ஞாபகப்படுத்தினார்."

சேனாதிபதி மீசையைத் தடவியபடி வைத்தியரிடம் நகர்ந்தார். "இத்தனை வருஷம் குதிரைமேல் இருந்தேனா... எனக்கும் அதுதான்" என்றார். "எனக்கு வேறு மாதிரி. சிறுநீர் நின்று நின்று போகிறது" என்றார் புலவர். ராஜா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே பாதி வீம்பு கரைந்துவிட்டது.

வைத்தியர் ராஜாவை உள்ளே அழைத்துப் போய்ப் பார்த்தார். "பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் கண்ட அன்றே சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது" என்றார். வறுத்த கறி நின்றது. கருணைக்கிழங்கும் துத்திக்கீரையும் மோரும் வந்தன. வேளை தவறாமல் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தான் ராஜா. வேங்கை நாட்டுக்குப் படை போகவில்லை, ஒரு கூடை மாம்பழம் போயிற்று. சங்கு ஊதுகிறவர்களும் வீடு திரும்பினார்கள்.

பிறகு ஒருநாள் ராஜா இலவம்பஞ்சு மெத்தை போட்ட சிம்மாசனத்தில் மெதுவாக உட்கார்ந்தான். "எல்லோரும் உட்காருங்கள்!" என்றான். 'அப்பாடா' என்று சபை முழுவதும் உட்கார்ந்தது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான் ராஜா.

"உமக்கு இப்போது எப்படி இருக்கிறது?"

"எனக்கு அது வந்ததே இல்லை, பிரபு."

"வராத நோயைச் சொல்லியா அவ்வளவு சிரிப்பை வாங்கிக்கொண்டீர்?"

"வந்தவர் சொல்லவில்லையே, பிரபு. யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டாமா?"

அப்போதுதான் ராஜா கவனித்தான். வச்சிரபாகு மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"நீரும் உட்காரும்."

"நிற்பதல்லவா வீரம், பிரபு!"

"உட்காரும் என்றேன்."

வச்சிரபாகு பாதி குனிந்தார். குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். அந்த நிமிர்தலை ராஜாவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஓகோ! உம்முடைய வலியை மறைக்கத்தான் ஊரையே சண்டைக்கு அனுப்பப் பார்த்தீரா? எங்கே, மந்திரி சொன்னதைப் போல நீரே வாயால் சொல்லும். அதுதான் உமக்குத் தண்டனை."

வச்சிரபாகு தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "எனக்கு... மூலம், பிரபு."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா எழுந்து, தன் மெத்தையை எடுத்து அவரிடம் நீட்டினான். வைத்தியர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எரிச்சலா, குத்தலா?"

"இரண்டும்தான், வைத்தியரே!" என்றார் வச்சிரபாகு. அந்தச் சபையில் அவர் பேசிய முதல் உண்மை அதுதான்.